பதில் பக்கம்: மாடி அறையில் 24 வருஷம்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகி, “நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்களில் உங்களை யோசிக்க வைத்தவர் யார்?” என்று கேட்டிருந்தார். “ஸ்ரீ அரவிந்தர். ஆனால் அவர் கதவைச் சாத்தினாரா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். அந்த ஒரு வரிக்குத் திட்டியும் தட்டிக்கொடுத்தும் வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. சினிமாக் கேள்விகள் இந்த வாரம் வரிசையில் காத்திருக்கட்டும்.

கேள்வி: வாஞ்சிநாதன் பிறந்த சீமையிலிருந்து எழுதுகிறேன். வ.உ.சி. செக்கிழுத்தார். அதே காலத்தில் அரவிந்தர் பிரெஞ்சுக்காரன் நிழலில் போய்ப் பதுங்கினார். பயந்து ஓடியவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவது நியாயமா?
– வாசகர், திருநெல்வேலி

கோபம் நியாயம். கணக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஒரு வருஷம் சிறையில் கிடந்து, 1909 மே மாதம் விடுதலையாகி வந்த மனிதர் அவர். வெளியே வந்தும் சும்மா இருக்கவில்லை, ‘கர்மயோகின்’ என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். 1910 பிப்ரவரியில் மறுபடியும் சோதனை வரப்போகிறது என்று துப்பு கிடைத்ததும் கல்கத்தாவிலிருந்து படகேறி சந்திரநாகூர் போய்விட்டார். அது பிரெஞ்சு எல்லை. பிறகு வேறு பெயரில், ‘டூப்ளே’ என்ற கப்பலில், ஏப்ரல் 4 அன்று புதுச்சேரியில் வந்து இறங்கினார். இதில் ஒரு வேடிக்கை. ‘கர்மயோகின்’-ல் எழுதிய ஒரு கட்டுரைக்காக அவர் பேரில் ராஜத்துரோக வாரண்ட் பிறந்ததும் அதே ஏப்ரல் 4 அன்றுதான். ஆள் இங்கே கரையேறிய நாளில் அங்கே காகிதத்தில் கையெழுத்தாகிறது.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கான பதில். அந்தக் கட்டுரை ராஜத்துரோகம் ஆகாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அதே வருஷம் நவம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அச்சடித்தவருக்குப் போட்ட தண்டனையும் ரத்து. பயந்து வந்தவராக இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ அதன்பிறகு 40 வருஷம் இருந்தார். ஆகவே வந்ததற்குக் காரணம் போலீஸ் என்றால் ஒப்புக்கொள்கிறேன். இருந்துவிட்டதற்குக் காரணம் போலீஸ் இல்லை.

பதுங்கல் என்கிறீர்களே, அது ஒன்றும் சொகுசாக இல்லை. முதல் ஆறு மாதம் கோமுட்டித் தெருவில் சங்கர செட்டியார் வீட்டு மாடி. பாரதி அதற்கு முன்பே, 1908-லேயே, இங்கே வந்துவிட்டார். வ.வே.சு. ஐயர் 1910 கடைசியில் வந்து சேர்ந்தார். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் ஊரே ஒற்றர் மயம். வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு உள்ளூர்ப் பெரியமனிதர்கள் ஐந்து பேர் ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் போட்டது. செட்டியார்தான் அலைந்து ஐந்து பேரைப் பிடித்தார். பிரிட்டிஷார் கண் தங்கள் மேல் விழும் என்று தெரிந்தே போட்ட கையெழுத்துகள் அவை. அரவிந்தர் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஐந்து பேரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. அந்த ஐந்து கையெழுத்து இல்லாமல் தனிமையும் இல்லை, யோகமும் இல்லை.

இன்னொன்று. ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ ஒரு ஜாடியைப் போட்டுவைத்தார்கள். உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள். தண்ணீர் இறைக்கும்போது அது அகப்பட, இவர்களே போய்ப் போலீசில் சொல்லிவிட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரெஞ்சு மாஜிஸ்திரேட் நாந்தோ அரவிந்தர் வீட்டைச் சோதனை போட வந்தார். வெடிகுண்டுக்காரன் வீடு என்று நினைத்து மேஜை இழுப்பறையைத் திறந்தால், கிரேக்க, லத்தீன் புத்தகங்கள். “இவருக்கு லத்தீன் தெரியும், கிரேக்கம் தெரியும்!” என்று வாயைப் பிளந்துவிட்டு, மரியாதையாக வீட்டுக்கு அழைப்பும் விடுத்துவிட்டுப் போனார். ஹோமர் காப்பாற்றிய அரசியல்வாதி வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: 24 வருஷம் ஓர் அறைக்குள் ஒருவர் என்னதான் செய்துகொண்டிருந்திருப்பார்? தியானம் மட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

1926 நவம்பர் 24-ல் பின்வாங்கினார். ஆசிரம நிர்வாகம் மொத்தமும், சீடர்கள் அன்னை என்று அழைத்த பிரெஞ்சுப் பெண்மணி மீரா அல்பாஸாவிடம் போய்விட்டது. 1927 பிப்ரவரியில் இப்போது நாம் ஆசிரமம் என்று பார்க்கிற கட்டடத்தின் மாடிக்குக் குடிபோனவர், சாகும்வரை அந்த அறைகளை விட்டு இறங்கவில்லை.

ஆனால் கடிதம் எழுதினார் ஐயா, கடிதம்! முப்பதுகளில் சீடர்கள் மாலையில் நோட்டுப் புத்தகங்களையும் கடிதங்களையும் மேலே அனுப்பிவிடுவார்கள். இரவெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுவார். விடிந்ததும் நளினிகாந்த குப்தர் தபால்காரர் மாதிரி ஒவ்வொருவருக்கும் பட்டுவாடா செய்வார். கேள்விகள் எல்லாம் பிரம்மம், மாயை என்று இருந்திருக்கும் என்று எண்ணவேண்டாம். சளி, தூக்கம், பக்கத்து அறைக்காரரோடு சண்டை, கவிதையில் சந்தம் இடிக்கிறது… எல்லாவற்றுக்கும் பதில். டாக்டர் நிரோத்பரனுக்கு எழுதியவற்றில் கிண்டல் கொஞ்சநஞ்சமில்லை. வாரம் இருபது கேள்விக்குப் பதில் எழுதவே மூச்சு வாங்கும் எனக்கு இந்த விஷயத்தில் அவர்மேல் தொழில்முறைப் பொறாமை.

மற்ற நேரத்தில் அறைக்குள்ளேயே மணிக்கணக்கில் நடந்தார். ‘சாவித்திரி’ காவியத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார். கண்பார்வை மங்கியபிறகு நிரோத்பரன் உட்கார்ந்து எழுத, இவர் சொன்னார்.

வருஷத்தில் சில நாள் மட்டும் சீடர்கள் வரிசையில் வந்து அவரைப் பார்க்கலாம், அதற்குத் தரிசனம் என்று பெயர். 1938 நவம்பர் தரிசனத்துக்கு முந்தின இரவு, அறையில் விரித்திருந்த புலித்தோலில் கால் தடுக்கி விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்தது. தரிசனம் ரத்து. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்சனின் மகள் மார்கரெட் அந்த வருஷம்தான் தரிசனத்துக்காகக் கப்பலேறி வந்திருந்தார். (திரும்பிப் போகவே இல்லை. 1944-ல் புதுச்சேரியிலேயே காலமானார்.) இந்த விபத்துக்குப் பின்னால் கடித வெள்ளம் நின்றது. பணிவிடைக்கு நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள், அவர்களோடு மாலைநேரப் பேச்சு தொடங்கியது. எலும்பு முறிந்துதான் அந்தத் தனிமை கலைந்தது.

கேள்வி: காந்தியடிகளையே பார்க்க மறுத்தாராமே? அப்புறம் தாகூரை மட்டும் எப்படி உள்ளே விட்டார்?
– வாசகர், ஈரோடு

இரண்டும் உண்மை. தாகூர் 1928 மே 29-ல் கப்பலில் போகிற வழியில் இறங்கிப் பார்த்தார். 1907-ல், அரவிந்தர் வழக்கில் மாட்டியிருந்த சமயத்தில், அவருக்கு வணக்கம் சொல்லிக் கவிதை எழுதியவர் தாகூர். பழைய பந்தம்.

காந்தி ஹரிஜன யாத்திரையில் 1934 பிப்ரவரியில் புதுச்சேரி வந்தார். வருவதற்கு முன்பே, தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய நாள் முதல் உங்களைப் பார்க்க ஆசை என்று எழுதிக் கேட்டிருந்தார். என் சீடர்களையே வருஷத்தில் மூன்று முறை மௌனமாக ஆசீர்வதிப்பதற்கு மேல் நான் பார்ப்பதில்லை, மன்னிக்கவும் என்ற பொருளில் பதில் போயிற்று. காந்தி வந்தார், கூட்டம் பேசினார், போய்விட்டார்.

என்னைக் கேட்டால், பார்த்திருக்கலாம். தாகூருக்குத் தளர்ந்த விதி காந்திக்கு ஏன் இறுகியது என்பதற்கு ஆசிரமத்து அன்பர்கள் சொல்லும் விளக்கங்கள் எனக்கு ஜீரணமாவதில்லை. காங்கிரசின் வழிமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது வெளிப்படை. 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கும்படி டாக்டர் மூஞ்சே கேட்டபோதும் மறுத்து எழுதினார். அந்த நாற்காலியில் நம் சேலம் விஜயராகவாச்சாரியார் உட்கார்ந்தார். சி.ஆர். தாஸ் 1923-லும் லாலா லஜபதி ராய் 1925-லும் நேரிலேயே வந்து பேசிப் பார்த்தார்கள். இறங்கி வரவில்லை.

கேள்வி: நீங்களும் எங்க ஊர்க்காரர்தானே. 1936-ல் மில் தொழிலாளிகளைச் சுட்டுப்போட்டபோது இந்த மகான் என்ன சொன்னார்? எழுதுவீர்களா, மழுப்புவீர்களா?
– வாசகர், புதுச்சேரி

முதலியார்பேட்டைக்காரன்தான். தாத்தா சவானா மில்லில் நூற்பு வேலை. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக: 1936 ஜூலை 30. சவானா மில்லில் வேலைநிறுத்தம், தொழிலாளிகள் உள்ளேயே இருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலை, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை என்று வ. சுப்பையா தலைமையில் எழுந்த இயக்கம். பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். பாரீசில் அப்போது நடந்துகொண்டிருந்தது, இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்து அமைத்த மக்கள் முன்னணி ஆட்சி என்பது கூடுதல் கேவலம். அடுத்த வருஷமே பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பன்னிரண்டு உயிர் கொடுத்து வாங்கியது.

மில் பக்கத்துக் கடலூர் சாலையிலிருந்து ஆசிரமம் இருக்கும் மரீன் வீதிக்கு சைக்கிளில் போனால் ஒரு வெற்றிலைப் பாக்கு மெல்லும் நேரம். மாடி அறையில் கடிதப் போக்குவரத்து உச்சத்திலிருந்த காலம் அது. அந்த மாடியிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு வார்த்தை வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு அதில் கோபம்கூட இல்லை. “அவுங்க சாமியாருங்கடா, நம்ம ஊருல இருக்காங்க, அவ்வளவுதான்” என்பார். கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளைக்காரப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று பிரித்துக் கட்டிய ஊர் இது. இரண்டு பக்கமும் ஒரே செய்தி இரண்டு விதமாகத்தான் கேட்கும்.

மழுப்பவில்லை. எனக்கு அவர் மேல் உள்ள மனக்குறை இதுதான். லண்டன் தந்திக்கும் டெல்லிச் செய்திக்கும் திறந்த ஜன்னல் ஒன்று அந்த அறையில் இருந்தது, அடுத்து வரும் பதிலில் பாருங்கள். முதலியார்பேட்டைப் பக்கம் அப்படியொரு ஜன்னல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: உண்மையிலேயே உலகத்தோடு ஒட்டு உறவு இல்லாமல் வாழ்ந்தவர்கள் உண்டா?
– வாசகி, தேனி

உண்டு. அதே 1936. சைபீரியாவில் கார்ப் லிகோவ் என்ற பழைய வைதீகக் கிறிஸ்தவர், தம்பியைச் சோவியத் காவலர்கள் கண்ணெதிரே சுட்டதும் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார். காட்டிலேயே இன்னும் இரண்டு பிறந்தன. 1978-ல் நிலவியலாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து தோட்டப்பாத்தியைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்வரை அந்தக் குடும்பத்துக்கு இரண்டாம் உலகப்போர் நடந்ததே தெரியாது. 1961-ல் ஜூனில் பனி கொட்டிப் பயிர் போனது. பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துத் தாய் பட்டினியில் இறந்தாள். மிஞ்சி முளைத்த ஒற்றை ரை கதிரை எலி தின்னாமல் இரவும் பகலும் காவல் காத்து, அதிலிருந்து மறுபடி விதை சேர்த்தார்கள். வானத்தில் சில நட்சத்திரங்கள் வேகமாக நகர ஆரம்பித்ததைக் கவனித்த கிழவர், மனுஷர்கள்தான் ஏதோ நெருப்பை மேலே அனுப்பியிருக்கிறார்கள் என்று சரியாகவே யூகித்தாராம். கடைக்குட்டி அகாஃபியா பிறகும் ஊருக்குள் குடிவர மறுத்துவிட்டார்.

கேள்வி: அவர் ஒதுங்கினாரா என்பதே சந்தேகம் என்று எழுதினீர்களே, என்ன ஆதாரம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

திருச்சிக்காரர் கேட்டது பொருத்தம். காரணம் கடைசியில்.

1940-ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தது. இங்கே கவர்னர் பொன்வேன் செப்டம்பரில் ஹிட்லருக்குப் பணியாத தெ கோல் பக்கம் சாய்ந்தார். அதே செப்டம்பரில் அரவிந்தரும் அன்னையும் கையெழுத்திட்டு, சென்னை கவர்னரின் போர் நிதிக்கு 500 ரூபாய் அனுப்பினார்கள். யாரிடம் தப்பி ஓடிவந்தாரோ அந்த பிரிட்டிஷ்காரனுக்கு! ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஹிட்லர் ஜெயித்தால் இந்தியாவுக்கு விடுதலை என்ற பேச்சே இருக்காது என்பது அவர் கணக்கு. வானொலிச் செய்தி தினமும் அறைக்குள் போயிற்று. இதில் அவர் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அன்று நாட்டில் பலருக்கு அது தெளிவாகத் தெரியவில்லை.

1942 மார்ச்சில் பிரிட்டிஷ் மந்திரி கிரிப்ஸ் வந்தார். போருக்குப் பின் டொமினியன் அந்தஸ்து, விரும்பாத மாகாணங்கள் விலகிக்கொள்ளலாம் என்ற திட்டம். மார்ச் 31 அன்று அரவிந்தர் வரவேற்றுத் தந்தி அடித்தார். ராஜாஜிக்கும் தந்தி போயிற்று. போதாததற்கு, சென்னை வக்கீல் துரைசாமி ஐயரை டெல்லிக்கே அனுப்பி, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காங்கிரஸ் தலைவர்களிடம் சொல்லச் சொன்னார். காங்கிரஸ் ஏற்கவில்லை. அடுத்த வாரமே, ஏப்ரல் 6-ல், விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்தது. சென்னையே காலியாயிற்று.

டெல்லித் தலைவர்கள் பக்கமிருந்து பார்த்தால், அவர்கள் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. 1920-ல் தலைமை தாங்க வா என்றால் வரவில்லை, 1934-ல் பார்க்கலாமா என்றால் முடியாது. ஒருநாள் திடீரென்று வக்கீல் வந்து, அவர் இப்படிச் சொல்கிறார் என்றால் யார் காது கொடுப்பார்கள்? யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கூட உட்கார்ந்து அடிபட்டவன் சொல்லும்போது கிடைக்கிற மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. அறைக்குள் இருந்ததற்கு அவர் கொடுத்த விலை இது என்று சொல்வேன். அன்பர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

1947. சுதந்திரம் வந்த ஆகஸ்ட் 15 அவருடைய 75-வது பிறந்தநாள். திருச்சி வானொலி நிலையம் செய்தி கேட்டது. முதலில் எழுதிக் கொடுத்தது நீளம் என்று சுருக்கித் தந்தார். 14-ம் தேதி ஒலிபரப்பானது. அதில் ஐந்து கனவுகளைச் சொல்லிவிட்டு, பிரிவினை போயாக வேண்டும் என்றார். மறுநாள் இரவு ஊரில் கலவரம். ஆசிரமத்தின் மேல் தாக்குதல் நடந்தது. அவருக்குப் பணிவிடை செய்துவந்த ஒருவர் கத்திக்குத்துக்குப் பலியானார். கதவை எவ்வளவு சாத்தினாலும் அரசியல் படியேறி வந்துவிட்டது பாருங்கள்.

இன்னொரு விசித்திரம் பலருக்குத் தோன்றுவதில்லை. அன்றைக்கும் புதுச்சேரி பிரெஞ்சு மண். அவர் இறந்தது 1950 டிசம்பர் 5. புதுச்சேரி இந்தியா கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சுதந்திர இந்தியா என்று அவர் எழுதினார், தந்தி அடித்தார், வானொலியில் வாழ்த்தினார். அந்த நாட்டில் ஒரு நாள்கூட அவர் வசிக்கவில்லை.

கேள்வி: அவருடைய வயதான காலத்துப் படம், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது, எடுத்தது யார்?
– வாசகர், மதுரை

ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1950 ஏப்ரல். அரவிந்தர் பல வருஷங்களாக யாரையும் படமெடுக்க விட்டதில்லை. பத்து நிமிஷம் அறைக்குள் இருந்தேன், மனிதர் கண்ணிமைகூட அசைக்கவில்லை என்று பிரெஸ்ஸோன் எழுதியிருக்கிறார். அந்தப் பிரெஞ்சுக்காரர் வராமல் இருந்திருந்தால், இளவயதுப் படத்தோடு நாம் நிறுத்திக்கொண்டிருப்போம்.

கேள்வி: தேர்தல், டி.வி. விவாதம், வாட்ஸ்அப் சண்டை எல்லாம் வெறுத்துவிட்டது. போனை அணைத்துவிட்டு ஒரு வருஷம் எங்காவது ஒதுங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். வயது 26.
– வாசகர், கோயம்புத்தூர்

தாராளமாக. வாடகை யார் கட்டுவது, சாப்பாட்டை யார் மாடிக்குக் கொண்டுவருவது என்று மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் அம்மாதான் என்றால், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு புதுச்சேரி வருகிறோம். அந்த அறையைப் பார்க்க முடியுமா?
– வாசகி, சேலம்

மரீன் வீதி ஆசிரமத்தில் சமாதியை எல்லா நாளும் பார்க்கலாம். பேசக்கூடாது, போனை அணைத்துவிடவேண்டும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். மாடி அறை பொதுவாகத் தரிசன நாட்களில்தான் திறக்கும்: பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24. அன்றைக்கு வரிசை தெருவைச் சுற்றி நிற்கும், காலையிலேயே போய்விடுங்கள். அடுத்த மாதம் அப்படி ஒரு தேதி இல்லையென்றால் சமாதியோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டையும் பார்த்துவிடுங்கள். அவர் பத்து வருஷம் இங்கே இருந்தார், 1918 நவம்பரில் இதற்குமேல் முடியாது என்று எல்லை தாண்டி, கடலூர்ப் பக்கம் கைதானார். ஜூலை 30-ஐ ஒட்டி வருவதாக இருந்தால் எழுதுங்கள். மில் தியாகிகளுக்கு அன்றைக்கு இன்னமும் சங்கக்காரர்கள் மாலை போடுகிறார்கள். எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டுச் சொல்கிறேன்.